உறைபனியில் ஒரு வழிப்போக்கர்

சங்ககிரி மலைக்கோட்டை திப்பு சுல்தானின் படை தங்கியிருந்த இடம். கொங்கு நாட்டு வீரர் தீரன் சின்னமலை 1805ஆம் ஆண்டில் ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்ட இடமும் அதுவே. ஆயினும் அதன் அடிவாரத்தில் வாழும் மக்களின் அன்றாடப் பேச்சில் கோட்டையைவிட லாரியே மிகுதியாக இடம் பெறுகிறது. இவ்வூரிலும் அண்டையிலுள்ள திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரங்களிலும் லாரித் தொழிலோடு ஏதேனும் ஒரு வகையில் உறவில்லாத குடும்பம் அரிது. பாரம் ஏற்றிக்கொண்டு குஜராத்துக்கும் அஸ்ஸாமுக்கும் காஷ்மீருக்கும் சென்று, மாதக் கணக்கில் கழித்து, வீடு திரும்பும் தந்தையரை நம் பிள்ளைகள் அறிவார்கள்.

அத்தகைய குடும்பம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர், முன்னர் நம்மிடம் ஓதியவர், சென்ற ஐப்பசியில் தம் தாயாருடன் நம் இல்லத்திற்கு வந்தார். மார்கழியில் புறப்பட்டு, மோட்டார் சைக்கிளில் தன்னந்தனியாகக் காஷ்மீர் வரை சென்று பனியைக் கண்டு திரும்ப வேண்டுமென்பது அவருடைய ஆசை. முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டிய அவருடைய அத்தாவோ இசையவில்லை. "ஹஜ்ரத், இப்னு பதூதா தனியாகத்தானே உலகைச் சுற்றினார்? அவருக்கு ஆகுமானது எனக்கு ஆகாதா?" என்று இளைஞர் கேட்டார். தாயார் ஒன்றும் கேட்கவில்லை. நம் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தார்.

வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுவது முறையாகாது என்று எண்ணி, ஒரு வாரம் தவணை கேட்டோம். அந்த ஒரு வாரமும் இப்னு பதூதாவின் 'ரிஹ்லா'வை மீண்டும் எடுத்துப் படித்தோம். பெருநாடு ஒன்றைக் கடுங்குளிரில் கடக்க முற்பட்டவர் எதை ஆயத்தம் செய்தார்? எதைச் செய்யத் தவறினார்? அவர் மெய்யாகவே தனித்துச் சென்றாரா? இம்மூன்று வினாக்களுக்கும் கிடைத்த விடையை நம் வாசகர்களும் அறிய வேண்டுமென்றே இக்கட்டுரையை வரைகின்றோம்.

பருவமறிந்து பயணம்

பயணத்திற்குப் பருவம் பார்ப்பது நம் மார்க்கத்திற்குப் புதிதன்று. மாரிக்காலப் பயணத்தையும் கோடைக்காலப் பயணத்தையும் திருமறையின் குறைஷ் அத்தியாயம் குறிப்பிடுகின்றது. குறைஷியர் குளிர்காலத்தில் வெம்மையான யமன் நாட்டிற்கும், கோடையில் குளுமையான ஷாம் நாட்டிற்கும் வாணிகம் செய்யச் சென்றனர் என்று விரிவுரையாளர்கள் விளக்குவர். இயற்கையோடு மல்லுக்கு நில்லாமல் அதற்கு இசைந்து வழியை வகுத்துக்கொண்டதே அவர்களின் திட்டம். குளிர்காலத்தில் குளிரை நோக்கியே செல்பவர் இவ்வறிவுக்கு மாறாக நடக்கின்றார். ஆகவே அவர் மற்றவரைவிட இருமடங்கு ஆயத்தம் செய்துகொள்ளக் கடமைப்பட்டவர்.

அவ்வாயத்தம் எத்தகையது என்பதற்கு இப்னு பதூதாவுக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இப்னு ஃபள்லான் நல்ல சான்று. அப்பாஸிய கலீஃபா முக்ததிர் அனுப்பிய தூதுக்குழுவில் ஒருவராக, ஹிஜ்ரி 309 ஸஃபர் மாதத்தில் (கி.பி. 921 ஜூன்) அவர் பக்தாதிலிருந்து புறப்பட்டார். வோல்கா நதிக்கரையிலுள்ள பல்கார் மன்னரைக் காண்பது நோக்கம். குவாரிஸ்ம் நாட்டின் ஜுர்ஜானிய்யா நகரை அடைந்தபோது குளிர்காலம் வந்துவிட்டது. ஜைஹூன் நதி கரைக்குக் கரை உறைந்து, அதன்மீது குதிரைகளும் வண்டிகளும் சாலையில் செல்வதுபோல் சென்றன. குளித்துவிட்டு வீட்டிற்குள் நுழையும்போது தம் தாடி ஒரே பனிக்கட்டியாய் இறுகிவிட்டதென்றும், நெருப்பின் அருகே காட்டியே அதை உருக்க வேண்டியதாயிற்றென்றும் அவர் எழுதுகின்றார். அவ்வூரில் ஒருவர் தம் நண்பருக்கு உபகாரம் செய்ய விரும்பினால், தம் வீட்டில் நல்ல நெருப்பு இருக்கின்றது, வந்து அமர்ந்து பேசலாம் என்று அழைப்பாராம்.

இப்னு ஃபள்லானின் குழு அவசரப்படவில்லை; ஏறத்தாழ மூன்று மாதங்கள் அங்கேயே தங்கியது. துருக்கி நாட்டு ஒட்டகங்களை வாங்கினார்கள். வழியிலுள்ள ஆறுகளைக் கடக்க ஒட்டகத் தோலால் ஓடங்கள் செய்துகொண்டார்கள். ரொட்டி, சிறுதானியம், உலர்த்திய இறைச்சி ஆகியவற்றை மூன்று மாதங்களுக்குச் சேமித்தார்கள். உடைகளை எவ்வளவு மிகுதியாய்க் கொள்ள முடியுமோ அவ்வளவு கொள்ளும்படி உள்ளூரார் அறிவுறுத்தினர். அவ்வாறே சட்டை, அங்கி, ஆட்டுத்தோல் மேலாடை, கம்பளப் போர்வை, கண்மட்டும் தெரியும் தலைமூடி, இரட்டைக் காற்சட்டை, இரட்டைக் காலுறை என அணிந்து ஒட்டகத்தில் ஏறியவர்களால் அசையவும் இயலவில்லை. அத்தனைக்கும் பிறகு, கேள்விப்பட்டதைவிடக் குளிர் பன்மடங்கு கடுமையாயிருந்தது என்றே அவர் குறிப்பிடுகின்றார். பக்தாதிலிருந்து உடன்வந்த மார்க்க அறிஞரும் ஓர் ஆசிரியரும் அந்நாட்டிற்குள் புக அஞ்சிப் பின்தங்கிவிட்டனர் என்பதும் அவருடைய குறிப்பில் உள்ளது. நாமும் ஆசிரியத் தொழில் செய்பவராதலின், அவர்களைக் குறைகூற நமக்கு நா எழவில்லை.

தனியே புறப்பட்ட இளைஞர்

இப்னு ஃபள்லானின் பின்னால் ஓர் அரசு இருந்தது. இப்னு பதூதாவின் பின்னால் என்ன இருந்தது? மொராக்கோவின் தன்ஜா நகரிலிருந்து, ஹிஜ்ரி 725 ரஜப் மாதம் இரண்டாம் நாள் (கி.பி. 1325 ஜூன் 14), ஹஜ்ஜை நாடி அவர் புறப்பட்டார். அப்போது அவருக்குச் சந்திர ஆண்டுக் கணக்கில் வயது இருபத்திரண்டு. உறவாட ஒரு தோழருமில்லை, சேர்ந்து செல்ல ஒரு வணிகக் கூட்டமுமில்லை. தாயும் தந்தையும் உயிருடனிருந்தனர். பிரிவு இருபாலாருக்கும் பெருந்துயராயிற்று. இளைஞர்கள் மேற்கோள் காட்டும் 'தனிப்பயணம்' இதுதான்.

ஆனால் அடுத்த பக்கங்களையும் படிக்க வேண்டுமன்றோ? பிஜாயா நகரில் அவரைக் காய்ச்சல் பற்றியது. தங்கி இளைப்பாறும்படி கூறியதை அவர் ஏற்கவில்லை. வழிப்பறிக்கு அஞ்சி விரைந்து செல்ல வேண்டியிருந்ததால், தம் வாகனத்தையும் கனமான மூட்டைகளையும் விற்றுவிட்டு, சுமை குறைத்துச் சென்றார். கீழே விழுந்துவிடாமலிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டார். கான்ஸ்டன்டைன் நகருக்கு வெளியே கொட்டிய மழையில் உடைகள் பாழாயின; அந்நகரின் ஆளுநர் அவர் நிலைகண்டு இரங்கி, புதிய மேலாடை ஒன்றை அதன் முனையில் இரு பொற்காசுகள் முடிந்து அளித்தார். தூனிஸ் நகருக்குள் நுழைந்தபோது, மற்றவர்களை வரவேற்க ஆள் வந்திருக்க, தமக்கு ஸலாம் சொல்ல ஒருவருமில்லையே என்று கண்ணீர்விட்டு அழுதார். அதைக் கண்ட ஹாஜி ஒருவர் அருகில் வந்து ஸலாமுரைத்து, ஊருக்குள் செல்லும் வரை பேச்சுத் துணையாயிருந்தார். தூனிஸிலிருந்து புறப்படும்போதோ, அவரே ஹஜ் பயணக் கூட்டத்தின் காழியாக நியமிக்கப்பட்டார். தனியே சென்றது ஆறு மாதமும் நீடிக்கவில்லை!

பனியும் மொழியும்

அவர் முதன்முதலில் பெரும் பனிக்குள் சிக்கியது ரூம் நாட்டில், அதாவது இன்றைய துருக்கியின் அனத்தோலியாவில், 1330களின் தொடக்கம். அங்கே ஊர்தோறும் 'அகீ' எனப்படும் சகோதர அமைப்பினர் இருந்தனர். கைத்தொழில் செய்யும் இளைஞர்கள் பகலெல்லாம் உழைத்த வருவாயை மாலையில் தம் தலைவரிடம் சேர்ப்பர். அதைக்கொண்டு ஸாவியா என்னும் விடுதியில் வழிப்போக்கர்க்கு உணவும் படுக்கையும் அளிப்பர். போலு நகரின் ஸாவியாவில் நுழைந்தபோது மூலைதோறும் புகைபோக்கியுடன் அடுப்புகள் எரிந்தன. நனைந்த உடையை மாற்றிக் குளிர்காய்ந்து உண்டதை இப்னு பதூதா நன்றியோடு நினைவுகூர்கின்றார்.

அவர் செய்யத் தவறிய ஆயத்தம் ஒன்றுண்டு. அது மொழி. துருக்கி மொழி அவருக்குத் தெரியாது. ஓர் ஊரில் அரபு அறிந்தவர் என்று ஒரு மார்க்க அறிஞரைக் காட்டினார்கள். அவரோ பாரசீகத்தில் பேசினார். இவர்களுடைய அரபு அவருக்கு விளங்கவில்லை. தம் மதிப்பைக் காத்துக்கொள்ள, இவர்கள் பேசுவது பழைய அரபு, தமக்குத் தெரிந்ததோ புதிய அரபு என்று ஊராரிடம் சொல்லிவிட்டார். ஊரார் அதை நம்பி, இவர்கள் நபிகள் நாயகத்தின் (ஸல்) காலத்து மொழியைப் பேசுகின்றவர்களென்று கூடுதல் மரியாதை செய்தனர்! இன்னோரிடத்தில் 'ஸம்ன்' வேண்டுமென்று கேட்டார்கள். அரபியில் அது நெய். துருக்கியில் 'ஸமான்' என்றால் வைக்கோல். நெய் கேட்டவர்களுக்கு வைக்கோல் வந்து சேர்ந்தது.

இவை சிரிப்புக்குரியவை. அடுத்து நிகழ்ந்தது அத்தகையதன்று. முதுர்னு என்னும் ஊரை நோக்கிச் செல்கையில் இரவெல்லாம் பனி பெய்து பாதையை மூடிவிட்டது. வழிகாட்டியாக வந்த குதிரைவீரன் இடைவழியில் பணம் கேட்டான். ஊர் சேர்ந்ததும் தருவதாகச் சொன்னதை அவன் ஏற்கவில்லையோ, அவனுக்கு விளங்கவேயில்லையோ, அவர்களை நட்டாற்றில் விட்டதுபோல் விட்டு ஓடிப்போனான். பனிக்கடியில் பாதையைத் துழாவித் துழாவிச் சென்றதில் பொழுது சாய்ந்தது. இறங்கி நின்றால் குளிரில் மடிவது உறுதி. நடந்தால் திசை தெரியாது. நல்ல குதிரையொன்று இப்னு பதூதாவிடம் இருந்தது. தாம் பிழைத்தாலாவது தோழரைக் காக்க வழி பிறக்கலாம் என்று முடிவு செய்து, அவர்களை அல்லாஹ்வின் பாதுகாப்பில் ஒப்படைத்துவிட்டு, இருளில் தனியே குதிரையைச் செலுத்தினார்.

நம் வினாவிற்குரிய தனிமை இதுவே. இளைஞர்கள் கற்பனை செய்வது போன்ற இனிய தனிமையன்று இது. இஷாவுக்குப் பின்னர் சில வீடுகள் தென்பட்டன. அவற்றில் மனிதர் இருக்கவேண்டுமே என்று இறைஞ்சினார். வாயிலில் நின்ற முதியவரிடம் அரபியில் பேசினார்; அவர் துருக்கியில் மறுமொழி கூறினார். இருவரும் மாறி மாறிப் பேசினரேயன்றி, பனியில் ஆட்கள் தவிக்கின்றார்கள் என்ற ஒரு செய்தியைத் தெரிவிக்க வழியில்லை. அல்லாஹ்வின் அருளால் அது ஃபகீர்கள் தங்கும் ஸாவியாவாக இருந்தது. உள்ளேயிருந்து வந்தவர்களுள் ஒருவர் இப்னு பதூதாவை முன்பே அறிந்தவர். அவர் வாயிலாகச் செய்தி விளங்கியதும், ஸாவியாவினர் இவரோடு சென்று தோழர்களை மீட்டுக்கொண்டு வந்தனர். அன்று வெள்ளி இரவு. ஊரார் உணவு கொண்டுவந்து, இரவெல்லாம் திக்ரில் கழித்தனர்.

முதுர்னுவில் இப்னு பதூதா செய்த முதற்காரியம், அரபு தெரிந்த ஒரு ஹாஜியை மொழிபெயர்ப்பாளராக அமர்த்தியதுதான். அந்த ஹாஜி செலவுக் கணக்கில் கைவைப்பவர். ஆயினும் அவரை விலக்க முடியவில்லை. மாலைதோறும், "ஹாஜியாரே, இன்று எவ்வளவு எடுத்தீர்?" என்று கேட்பார்களாம், அவரும் இவ்வளவு என்று ஒப்புக்கொள்வாராம், எல்லாரும் சிரிப்பார்களாம். பேச்சுத் துணையின்றிப் பனியில் மடிவதைவிடச் சிறிது களவு கொடுப்பது மேலென்று அவ்வறிஞர் அறிந்துகொண்டார்.

வண்டிமேல் ஒரு வீடு

அதன்பின் கருங்கடலோரத்து ஸினோப் துறைமுகம். அங்கே கடல் பயணத்திற்குத் தக்க காலம் வேண்டி நாற்பது நாட்கள் காத்திருந்தார். கப்பலை அமர்த்திய பின்னரும் காற்றுக்காகப் பதினொரு நாட்கள் பொறுத்திருந்தார். அக்கரை சேர்ந்ததும் கிப்சாக் பெருவெளி. உஸ்பெக் கான் என்னும் முஸ்லிம் மன்னர் ஆண்ட மாபெரும் புல்வெளி நாடு அது. மலையுமில்லை, மரமுமில்லை, எரிக்க விறகு கிடையாது, வறட்டிதான்.

இப்போது இப்னு பதூதா பாடம் கற்றவராகத் திட்டமிட்டார். அந்நாட்டார் 'அரபா' எனும் வண்டிகளில் செல்வதைக் கண்டு, தாமும் வண்டிகள் வாங்கினார். மரக்கழிகளைத் தோல்வாரால் பிணைத்து, மேலே கம்பளம் போர்த்திய கூடாரம் வண்டியின்மீது இருக்கும். அதன் சாளரங்களின் வழியே உள்ளிருப்பவர் வெளியே காணலாம். வெளியிலிருப்பவர் உள்ளே காண இயலாது. வண்டி செல்லும்போதே அதனுள் உறங்கலாம், உண்ணலாம், படிக்கலாம், எழுதலாம். தமக்கு ஒன்று, தோழர் அஃபீபுத்தீன் தூஸரீக்குச் சிறியது ஒன்று, ஏனையோர்க்கு மூன்று ஒட்டகங்கள் இழுக்கும் பெரியது ஒன்று என அமைத்துக்கொண்டார்.

உஸ்பெக் கானின் மனைவியருள் ஒருவரான பைலூன் காத்தூன் தம் தந்தையாரைக் காணக் கான்ஸ்டான்டிநோபிள் சென்றபோது, உடன்செல்ல இப்னு பதூதா அனுமதி பெற்றார். திரும்பும்போது கடுங்குளிர். மூன்று தோலாடைகள், பஞ்சு வைத்துத் தைத்தது உள்ளிட்ட இரண்டு காற்சட்டைகள், காலில் கம்பளிக் காலுறை, அதன்மேல் துணி வைத்துத் தைத்த காலுறை, அதற்கும் மேல் குதிரைத்தோல் காலுறை ஆகியவற்றை அவர் அணிந்திருந்தார். உடையின் பருமனால் தாமே குதிரையில் ஏற முடியாமல், தோழர்கள் தூக்கிச் சேணத்தில் அமர்த்தினர். ஒளூச் செய்ய நெருப்பருகில் வெந்நீர் வைத்துக்கொள்வார்; விழும் துளி அப்போதே உறையும். முகம் கழுவினால் தாடியில் நீர் பனியாகும். உதறினால் வெண்பொடியாய்க் கொட்டும்.

ஹாஜ்தர்கான் நகரிலிருந்து, உறைந்துபோன இத்தில் நதியின்மீதே, இன்று நாம் வோல்கா என்று வழங்கும் நதியின்மீதே, மூன்று நாட்கள் சென்று நான்காம் நாள் சராய் நகரை அடைந்தார். தண்ணீர் வேண்டுமானால் பனிக்கட்டியை வெட்டிக் கலத்திலிட்டு உருக்குவது வழக்கம். சராயிலிருந்து குவாரிஸ்ம் வரை நாற்பது நாள் பாலை. முதற் பத்து நாள் குதிரைகளில் சென்று சராய்ச்சூக் சேர்ந்தார். அப்பால் தீனி கிடையாது என்பதால் குதிரைகளை விற்றுவிட்டு, வண்டி இழுக்க ஒட்டகங்களை வாடகைக்கு அமர்த்தினார். எஞ்சிய முப்பது நாட்களும் காலையும் மாலையும் சிறுபொழுதே நின்று, சிறுதானியக் கஞ்சி காய்ச்சி, உலர்ந்த இறைச்சியை அதிலிட்டு உண்டு, மற்ற நேரமெல்லாம் வண்டியிலேயே உறங்கிச் சென்றனர். எங்கே எந்த விலங்கு பயன்படும், எங்கே அதை விட வேண்டும் என்ற அறிவு, உடுத்திய மூன்று தோலாடைகளுக்குச் சற்றும் குறைந்ததன்று.

போகாமல் விட்ட பயணம்

இப்னு பதூதாவின் திட்டங்களுள் நமக்கு மிகவும் பிடித்தது, அவர் கைவிட்ட ஒரு திட்டம். பல்கார் நகருக்கும் அப்பால் நாற்பது நாள் தொலைவில் 'இருள் நாடு' இருப்பதாகவும், அங்கே செல்ல விரும்பியதாகவும் எழுதுகின்றார். பனிக்கட்டியில் மனிதர் காலும் குதிரைக் குளம்பும் நிற்காது. நகமுள்ள நாய்களே சறுக்கு வண்டிகளை இழுக்கும். பலமுறை சென்று பழகிய நாயே வழிகாட்டி. அதன் விலை ஆயிரம் தீனார் வரை போகும். செல்வோர் உணவும் குடிநீரும் விறகும் நூறு வண்டிகளில் ஏற்றிச் செல்வர். இவற்றையெல்லாம் விசாரித்தறிந்த பின்னர், செலவு மிகுதி, பயன் சிறிது என்று கணக்கிட்டு அப்பயணத்தை விட்டுவிட்டார். பல்காருக்கே அவர் சென்றிருக்க இயலாது, அவர் கூறும் நாட்கணக்கில் அத்தொலைவு அடங்காது என்று இக்கால ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அது எவ்வாறாயினும், போகாமல் விட்டதை மறைக்காமல் எழுதிவைத்தது நேர்மையே. திரும்பத் தெரிந்தவரே திட்டமிடத் தெரிந்தவர்.

மார்க்கம் தந்த சலுகை

குளிரில் உடலை வருத்துவதே பக்தி என்று சிலர் எண்ணுவர். நம் ஷரீஅத் அவ்வாறு கூறவில்லை. ஹிஜ்ரி 8இல் நிகழ்ந்த தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பில், கடுங்குளிர் இரவொன்றில் குளிப்புக் கடமையாகிவிட, உயிருக்கு அஞ்சித் தயம்மும் செய்து தொழ வைத்தார் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி). செய்தியறிந்த நபிகள் நாயகம் (ஸல்) முறுவலித்தார்களேயன்றிக் கண்டிக்கவில்லை என்பது அபூதாவூதில் காணக்கிடக்கின்றது. பயணி தொழுகையைச் சுருக்கலாம். காலுறையின்மீது மஸ்ஹு செய்ய ஹனஃபீ, ஷாஃபியீ மத்ஹபுகளில் உள்ளூரார்க்கு ஒரு நாள், பயணிக்கு மூன்று நாள்; இப்னு பதூதா சார்ந்த மாலிகீ மத்ஹபில் அதற்குக் கால வரையறையே இல்லை. வழிப்போக்கரின் இயலாமையை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து வகுத்த சட்டமன்றோ இது!

அதே மார்க்கம், இரவில் ஒருவர் தனித்துப் பயணம் செய்வதை விரும்பவில்லை. இப்னு உமர் (ரலி) வாயிலாக ஸஹீஹ் புகாரீயில் இப்பொருள்பட ஓர் அறிவிப்பு உள்ளது. மூவர் சேர்ந்தால் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளும்படியும் நபிமொழி உண்டு. வீரம் கூடாது என்பதன்று இதன் கருத்து. விழுந்தவரைத் தூக்க ஒரு கை வேண்டும் என்பதே.

அவர் தனித்துச் சென்றாரா?

இனி மூன்றாம் வினா. பனிவெளியைக் கடந்த இப்னு பதூதா தனியர் அல்லர். தோழர்கள் இருந்தனர், மன்னரும் அரசியரும் அளித்த பொருள் இருந்தது, அடிமைகளும் இருந்தனர். அவர் தம்முடன் கொண்டுசென்ற அடிமைப் பெண்ணொருத்திக்குப் புகாராவுக்கருகில் பெண் குழந்தை பிறந்தது. இந்தியா சேர்ந்த இரண்டு மாதத்தில் அக்குழந்தை இறந்தது. அப்பனிவெளியை ஒரு கர்ப்பிணியும் கடந்தாள். அவள் தன் விருப்பத்தால் வந்தவளல்லள். அவளுடைய பயணத்தை எழுதுவாருமில்லை. வரலாற்றைப் புகழ்மாலையாக மட்டும் தொடுப்பவர்கள் இதனை விட்டுவிடுவர், நாம் விடலாகாது.

வீட்டிலிருந்தோர் கொடுத்த விலையும் உண்டு. கி.பி. 1348இல் டமாஸ்கஸ் திரும்பியபோதுதான், தம் தந்தை பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார் என்று அறிந்தார். முன்பு அந்நகரில் விட்டுச் சென்ற மனைவிக்குப் பிறந்த மகனும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்திருந்தான். அம்மகனை அவர் கண்டதேயில்லை. 1349இல் மொராக்கோ எல்லைக்குள் நுழைந்தபின், தாயார் கொள்ளை நோயில் காலமான செய்தி எட்டியது. தன்ஜாவுக்குச் சென்று அவருடைய கப்ரை மட்டுமே ஸியாரத் செய்ய முடிந்தது. மன்னர் அபூ இனானின் ஆணைப்படி அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய்யு எழுதிய 'ரிஹ்லா', 1355 டிசம்பரில் நிறைவுற்றது. அந்நூலை உலகம் படித்தது, பெற்றோர் படிக்கவில்லை.

நம் தமிழகத்திற்கும் அவர் வந்தார் என்பதை வாசகர் அறிவர். இலங்கையிலிருந்து புறப்பட்ட கப்பல் புயலில் சிக்க, மஅபர் கரை சேர்ந்து, மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியின் விருந்தினரானார். கொள்ளை நோய் பரவியிருந்த மதுரையில் அவரையும் காய்ச்சல் தாக்கியது. அப்போது அவரைக் காத்தது நம் வீட்டு அடுக்களைப் புளி! ஏறத்தாழ ஒரு ராத்தல் புளியை நீரில் கரைத்துக் குடித்ததில் மூன்று நாள் வயிறு போய் நோய் நீங்கிற்று என்கின்றார். அரபியில் புளிக்குத் 'தம்ர் ஹிந்தீ', அதாவது இந்தியப் பேரீச்சை, என்று பெயர். வோல்காவில் தோலாடையும் மதுரையில் புளியும் அவரைக் காத்தன. அந்தந்த மண்ணின் மக்கள் எதை நம்பினரோ அதை அவரும் நம்பினார். அவருடைய ஆயத்தத்தின் சாரம் இதுவே.

இளைஞருக்குச் சொன்னது

தவணை முடிந்ததும் இளைஞர் வந்தார். இம்முறை அத்தாவும் உடன் வந்தார். நாம் படித்தவற்றைச் சொன்னோம். "அப்படியானால் போக வேண்டாம் என்கின்றீர்களா, ஹஜ்ரத்?" என்றார் இளைஞர். இல்லையென்றோம். பயணம் கூடாதென்று சொல்ல நமக்கு ஆதாரமில்லை. இப்னு பதூதாவை ஆதாரமாகக் காட்டித் தனியே போகவும் வழியில்லை என்றோம். வண்டிக்குப் பெட்ரோல் எவ்வளவு, உடைக்குப் பணம் எவ்வளவு என்று அவர் கணக்கெழுதி வைத்திருந்தார். இரவு எங்கே, யாரிடம் தங்குவது, விழுந்தால் யார் தூக்குவது, தாயாருக்கு எப்போது பேசுவது என்ற கணக்கு அதில் இல்லை. ஸாவியாவின் வாயிலில் தம்மை அறிந்த ஒருவர் இருந்ததால்தான் இப்னு பதூதா பிழைத்தார் என்பதை நினைவூட்டினோம்.

அதுவரை பேசாதிருந்த அத்தா அப்போது வாய் திறந்தார். லாரியில் மாற்று ஓட்டுநரின்றி வடக்கே தாம் சென்றதேயில்லை என்றார். சாலை பனியால் அடைபட்டு ஜம்முவில் நாட்கணக்கில் லாரிகள் நின்றபோது, அடுப்பும் அரிசியும் புளியும் வைத்திருந்தவர்கள் இல்லாதவர்களுக்குப் பொங்கிப் போட்டதைச் சொன்னார். பிறகு, நம் பக்கத்து லாரிக்காரர்கள் வழக்கமாய் நிறுத்தும் இடங்கள், தமிழ் பேசுவோர் கிடைக்கும் இடங்கள், இரவில் ஓட்டக்கூடாத மூடுபனிப் பகுதிகள், திரும்பிவிட வேண்டிய அறிகுறிகள் என்று ஒவ்வொன்றாகக் கூறலானார். அவருக்கு எழுதும் பழக்கமில்லை. அவர் சொல்லச் சொல்ல நாம் எழுதினோம். நான்கு பக்கங்கள் நிறைந்தன. முப்பது ஆண்டுகளில் தம் மகனிடம்கூட அவர் அவற்றைச் சொன்னதில்லை; மகனும் கேட்டதில்லை.

மார்கழியில் செல்வதாயிருந்த பயணம் பங்குனிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. உடன்வர நண்பர் ஒருவரும் இசைந்துள்ளார். பனி அப்போது குறைந்திருக்குமே என்று இளைஞருக்குச் சிறிது மனக்குறை. தாயாருக்கு அக்குறை இல்லை.

நம் ஊர்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் படிப்பிற்காகவும் பிழைப்பிற்காகவும் ஊர் சுற்றிப் பார்ப்பதற்காகவும் தொலைதூரம் செல்கின்றனர். அவர்களைத் தடுப்பது நம் வரலாற்றிற்கு இழுக்கு. ஆயத்தமின்றி அனுப்புவது நம் மார்க்கத்திற்கு இழுக்கு. புறப்படுமுன் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரை அருகிலமர்த்தி, அவர் சென்று வந்த வழிகளைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். வழிப்போக்கர் யாவரையும் வல்ல நாயன் நலமே கொண்டுசேர்த்து, வாயிலில் காத்திருப்போர் கண்கள் குளிரத் திரும்பக் கொணர்வானாக! ஆமீன்.